மஞ்சள் காட்டில் பச்சைப் பூஞ்சாணம்

பயிர் நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சாணத்தின் ஒரு கிலோ பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய முழுவதும் டால்க். முகத்துக்குப் பூசும் பவுடரில் இருக்கும் அதே கல்மாவுதான். "பவுடர் மாவைக் கட்டி வித்துப்போட்டு காசு வாங்கறீங்களேங்க" என்று நேருக்கு நேராகவே கேட்ட விவசாயிகள் உண்டு. நான் மறுத்ததில்லை. மாவு சுமந்து போக மட்டும்தான். காசு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் வித்துகளுக்கு. பதிவு பெற்ற டிரைக்கோடெர்மா பொடியில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு அளவு. அவை உயிரோடு இருக்கின்றனவா, செத்துவிட்டனவா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உயிருள்ள பொட்டலமும் செத்த பொட்டலமும் ஒரே நிறம், ஒரே எடை, ஒரே விலை. என் தொழிலில் வரும் சண்டைகளில் முக்கால்வாசி இதிலிருந்து கிளம்புவதுதான்.

நுண்ணுயிரியல் படித்துவிட்டு, ஈரோடு மாவட்டத்தில் கீழ்பவானி வாய்க்கால் ஓரமாக இருந்த சிறிய உற்பத்திக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர்ப்பலகையில் 'உயிரியல் கட்டுப்பாட்டுக் காரணிகள்' என்று நீளமாக எழுதியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது 'பூஞ்சக் கம்பெனி'. அந்தப் பெயரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாள் முழுக்கச் செய்தது பூஞ்சாணம் வளர்ப்பதுதான்.

வளர்ப்பு முறை சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் மொலாசஸ், 5 கிராம் ஈஸ்ட் பொடி. பாட்டில்களில் ஊற்றி, பஞ்சு அடைத்து, ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி சூட்டில் கிருமி நீக்க வேண்டும். ஆறியதும் லேமினார் ஃப்ளோ மேசையில் வைத்து தாய்க் கல்ச்சரிலிருந்து ஒரு துளி விட வேண்டும். முதலில் வெள்ளை இழை படரும். பிறகு மேற்பரப்பு பச்சையாகும். பத்து நாளில் பாட்டில் தயார். அதை டால்க்கோடு ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கலந்து, நிழலில் உலர்த்தி, விதையில் ஒட்டுவதற்காக கிலோவுக்கு 5 கிராம் சி.எம்.சி. பசை சேர்த்துப் பொட்டலம் போடுவோம்.

நிழலில் என்பதை அடிக்கோடிட வேண்டும். அவசரத்துக்கு வெயிலில் காயப்போட்டால் மாவு சீக்கிரம் காயும், வித்தும் கூடவே சாகும்.

நல்ல டிரைக்கோடெர்மா விரிடி பாட்டிலைத் திறந்தால் தேங்காய் வாசனை வரும். புத்தகத்திலும் இது உண்டு. ஆனாலும் முதல் தடவை முகர்ந்தபோது யாரோ பக்கத்து அறையில் தேங்காய் துருவுகிறார்கள் என்றே நினைத்தேன். வாசனை மாறினால் பாட்டிலைக் கொட்டிவிட வேண்டும். கறுப்பாக ஆஸ்பர்ஜில்லஸ் தலைகாட்டினால் அந்த ஒரு பாட்டிலோடு போகும். ஆரஞ்சு நிறத்தில் நியூரோஸ்போரா வந்துவிட்டால் அறையையே காலி செய்து கழுவித் துடைக்க வேண்டும். பஞ்சடைப்பைத் தாண்டி ஒரே இரவில் பக்கத்து பாட்டிலுக்குப் போய்விடும். அதைக் கண்டால் எங்கள் கூடத்தில் எல்லோர் முகமும் இருண்டுவிடும்.

எங்கள் பொடிக்குப் பெரும் வாடிக்கையாளர்கள் மஞ்சள்காரர்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மஞ்சளைக் கிழங்கு அழுகல் எப்படித் தின்கிறது என்பது வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. வைகாசி, ஆனியில் ஊன்றிய பயிர் ஆடி, ஆவணி வரை தளதளவென்று நிற்கும். மழை பிடித்ததும் அங்கங்கே இலையின் ஓரம் காயத் தொடங்கும். தண்டின் அடிப்பகுதி நீர்கோத்து மெத்தென்று ஆகும். பிடித்து இழுத்தால் தண்டு தனியாகக் கையோடு வந்துவிடும். தோண்டிப் பார்த்தால், பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டிய கிழங்கு பழுப்பாகிக் கூழாகியிருக்கும். ஒரு பாரில் தொடங்கியது தண்ணீர் போகும் வழியெல்லாம் போகும். அது தண்ணீரோடு போவதற்குக் காரணம் உண்டு. இந்த நோயை உண்டாக்கும் பித்தியம், ஈர மண்ணில் நீந்தும் வித்துகளை விடுகிறது. வாலாட்டிக்கொண்டு நீந்திப் போய் அடுத்த வேரைத் தேடிப் பிடிக்கும்.

இங்கேதான் நான் வருஷா வருஷம் பார்த்த ஒரு கூத்து. அழுகல் கண்டதும் விவசாயி கடைக்கு ஓடுவார். கடைக்காரர் கார்பன்டசிம் கொடுப்பார். அது பேர்போன பூஞ்சாணக் கொல்லி, பல நோய்களுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் பித்தியம் சரியான அர்த்தத்தில் பூஞ்சாணமே இல்லை. பார்வைக்கு அப்படி இருக்குமே தவிர, வம்சாவளியில் பழுப்புப் பாசிகளுக்குத்தான் அது நெருக்கம். கார்பன்டசிம் பூஞ்சாணத்தின் எந்த இடத்தில் போய்ப் பிடிக்குமோ அந்த இடத்தில் பித்தியத்தை அதனால் பிடிக்க முடியாது. அதே சமயம், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் டிரைக்கோடெர்மாவை அது சுத்தமாகத் துடைத்துவிடும். ஆக, விவசாயி காசு கொடுத்து எதிரியை விட்டுவிட்டு காவலாளியைக் கொன்று வருகிறார். அடுத்த மழைக்கு அழுகல் இன்னும் வேகமாகப் பரவும். "மருந்தே கேக்க மாட்டேங்குதுங்க, மண்ணு கெட்டுப்போச்சு" என்பார். மண்ணைக் கெடுத்தது எது என்று சொன்னால் கடைக்காரர் என்னோடு பேச மாட்டார். சிலர் இன்னும் பேசுவதில்லை.

நான் ரசாயனத்துக்கு எதிரி இல்லை. மெட்டலாக்சில் பித்தியத்தின் மேல் வேலை செய்யும், டிரைக்கோடெர்மாவை அவ்வளவாகத் தொடாது. அழுகல் முற்றிய இடத்தில் அதை ஊற்றச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த நோய்க்கு எந்த மருந்து என்று தெரியாமல் ஊற்றுவதுதான் எனக்கு ஆகாது.

டிரைக்கோடெர்மா என்ன செய்கிறது? இதை முதலில் தெளிவாகக் கண்டு எழுதியவர் ரிச்சர்ட் வைண்ட்லிங். 1932-ல் கலிஃபோர்னியாவில், ரைசாக்டோனியா என்ற நோய்ப் பூஞ்சாணத்தின் இழைமேல் டிரைக்கோடெர்மாவின் இழை சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்து அதை உண்பதை நுண்ணோக்கியில் பார்த்தார். ஒரு பூஞ்சாணம் இன்னொரு பூஞ்சாணத்தைச் சாப்பிடுகிறது. இதற்காக அது சில நொதிகளைச் சுரக்கிறது. ரைசாக்டோனியாவின் சுவரில் கைட்டின் இருக்கிறது, அதை உடைக்க ஒரு நொதி. பித்தியத்தின் சுவரில் இருப்பது பெரும்பாலும் செல்லுலோஸும் குளுக்கானும், அவற்றை உடைக்கவும் அதனிடம் நொதிகள் உண்டு. கார்பன்டசிம் தோற்கும் இடத்தில் இது வேலை செய்வது இதனால்தான். சண்டை போடாமலும் அது ஜெயிக்கும். வேரைச் சுற்றியுள்ள இடத்தையும் தீனியையும் முந்திக்கொண்டு பிடித்துவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு உட்கார இடம் இருக்காது. வேரை ஒட்டிய அந்த மெல்லிய மண் வட்டாரம் ஒரு தனி உலகம் என்று 1904-லேயே சொன்னவர் ஜெர்மனிக்காரர் லோரன்ஸ் ஹில்ட்னர்.

கூடத்துக்கு வருகிற விவசாயிகளுக்கு ஒரு பெட்ரி தட்டைக் காட்டுவோம். ஒரு ஓரத்தில் பித்தியம், எதிர் ஓரத்தில் டிரைக்கோடெர்மா. நாலைந்து நாளில் பச்சை வளர்ந்து வெள்ளையின் மேல் ஏறிவிடும். பார்ப்பவர்கள் உடனே பை நிறைய வாங்கிப் போவார்கள். வியாபாரத்துக்கு நல்லது. ஆனால் அந்தத் தட்டைக் காட்டுவதை நான் ஒரு கட்டத்தில் குறைத்துக்கொண்டேன். தட்டில் எதிராளி ஒருவன்தான், தீனியும் ஏராளம். வயலில் ஒரு பிடி மண்ணில் ஆயிரம் வகை நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே பசியோடு ஒரு புது ஆளைக் கொண்டுபோய்த் தள்ளினால் அவன் நிற்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? தட்டில் ஜெயித்து மண்ணில் தோற்ற ரகங்கள் எங்கள் கூடத்திலேயே பல.

மண்ணில் நிற்க வைப்பது எரு. வெறும் பொடியைத் தூவுவதில் பயன் மிகக் குறைவு. எக்டேருக்கு 2.5 கிலோ பொடி, 50 கிலோ தொழு உரம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதைக் கலந்தவுடன் போடாமல், நன்றாக மக்கிய எருவில் கலந்து, பிடித்தால் உருண்டையாகும் அளவு ஈரத்தோடு, நிழலில் குவித்து, மேலே ஈரச் சாக்கு போட்டு இரண்டு வாரம் விட வேண்டும். இடையில் ஒரு முறை கிளறிவிட வேண்டும். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான், உறையின் அளவு சின்னது, பெருகுவது எருவில். சாக்கைத் தூக்கிப் பார்த்தால் எருவின் மேல் பச்சை பூத்திருக்கும். அப்படிப் பூக்கவில்லை என்றால் பொட்டலத்தில் உயிர் இருந்ததா என்று சந்தேகப்படலாம். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரே சோதனை இது. வேப்பம் புண்ணாக்கைச் சேர்த்துக் குவிப்பவர்களும் உண்டு, அதுவும் நல்ல தீனி. எரு பச்சையாக, மக்காமல் இருந்தால் மட்டும் வேண்டாம். அந்தச் சூட்டில் எதுவும் தங்காது.

ஒரு வருஷம் அந்தியூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கூடத்துக்கு வந்தார். ஐப்பசி மாதம். மடியிலிருந்து அழுகிய கிழங்கை எடுத்து மேசைமேல் வைத்தார். அறை முழுக்க நாற்றம்.

"இதுக்கு உங்க பச்சப் பொடி எத்தன கிலோ வேணுங்க தம்பி?"

"இதுக்கு ஒரு கிலோவும் வேண்டாங்கய்யா. அழுகுன குத்தையெல்லாம் வேரோட தோண்டிக் காட்டுக்கு வெளிய கொண்டுபோயிருங்க. தண்ணி நிக்கற எடத்துல வாய்க்கா வெட்டி வடிய வுடுங்க. பொடிக்குச் சித்திரையில வாங்க."

"வாங்க வந்தவனுக்கு விக்க மாட்டேங்கற கம்பெனிய இப்பத்தான் பாக்கறனுங்க" என்றார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. அவர் வெளியே போனதும் முதலாளியிடம் எனக்குத் தனியாகக் கிடைத்தது.

ஆனால் சித்திரையில் வந்தார். அவர் நம்பியதால் வந்தார் என்று நான் நினைக்கவில்லை, வேறு வழியில்லாமல் வந்தார். விதைக் கிழங்கை முதலில் பார்க்க வேண்டும் என்றேன். அதே தோட்டத்துக் கிழங்கைத்தான் எடுத்து வைத்திருந்தார். நோய் கண்ட காட்டிலிருந்து விதை எடுத்தால் வேறெதைச் செய்தும் புண்ணியமில்லை. விதையோடு நோயும் சேர்ந்தேதான் ஊன்றப்படும். அதை விற்றுவிட்டு, அழுகல் காணாத வேறு தோட்டத்திலிருந்து விதை எடுத்துவந்தார். மேட்டுப்பாத்தி போட்டார். தண்ணீர் வடிய ஓரத்தில் ஆழமாகக் கால்வாய் வெட்டினார். எருவைக் குவித்துப் பச்சை பூத்த பிறகு, பாத்தியில் போட்டு ஊன்றினார். "எல்லாத்தையும் ஒரே மாதிரிச் செஞ்சா உங்க பொடியோட சமத்து எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு, ஒரு பக்கத்தில் வெறும் எருவை மட்டும் போட்டுத் தனியாக விட்டார். விஞ்ஞானம் படிக்கும்போது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவர் தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

ஐப்பசியில் போய்ப் பார்த்தேன். பொடி போட்ட பக்கத்தில் அழுகல் அறவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஓரத்தில் நான்கைந்து குத்து போயிருந்தது. பொடி போடாத பக்கத்தில் சொட்டை சொட்டையாக இடங்கள் காலியாகியிருந்தன. ஆனால் போன வருஷத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பக்கமும் நன்றாகத்தான் இருந்தது. நல்ல விதையும் வடிகாலும் பாதி வேலையைச் செய்திருந்தன. பெரியவர் இதை எனக்கு முன்பே கவனித்து, "பாதிப் பேரு உங்களுக்கு, பாதிப் பேரு என்ற மம்புட்டிக்குங்க" என்றார். சரியான கணக்கு. வடிகால் இல்லாத காட்டுக்கு இன்றுவரை நான் பொடி விற்க விரும்புவதில்லை.

உயிர் மருந்துகளில் இன்னொன்றான சூடோமோனாஸ் வேறு ஆள். அது பாக்டீரியா. கிங்ஸ் பி ஊடகத்தில் இரண்டே நாளில் வளர்ந்துவிடும். புற ஊதா விளக்கின் கீழ் தட்டை வைத்தால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். அந்த நிறமிதான் அதன் ஆயுதம். மண்ணில் கிடைக்கும் கொஞ்சநஞ்ச இரும்பை அது பிடித்துக்கொள்கிறது, நோய்க்கிருமி இரும்புக்கு ஏங்கிப்போகிறது. சில ரகங்கள் நோய்க்கிருமியைக் கொல்லும் நச்சுப் பொருளையும் சுரக்கும். எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது மூன்றாவது காரியம். வேரில் மட்டும் சூடோமோனாஸ் கொடுத்த செடியில் இலையில் வரும் நோய் குறைகிறது. பாக்டீரியா இலைக்குப் போகவே இல்லை. அது வேரைத் தொட்டதை வைத்துச் செடியே உஷாராகித் தன் எதிர்ப்பை முன்கூட்டித் தயார்செய்து வைத்துக்கொள்கிறது. 1991-ல் இதை வெவ்வேறு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே நிரூபித்தன.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த பி.எஃப்.1 என்ற ரகம்தான் தமிழ்நாட்டில் பரவலாகப் போனது. நெல்லுக்கு அதை நாற்றில் கொடுக்கும் முறை எனக்குப் பிடித்தமானது. 25 சதுர மீட்டர் பாத்தியில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, அதில் 2.5 கிலோ பொடியைக் கரைத்து, பிடுங்கிய நாற்றுக்கட்டுகளின் வேர் அரை மணி நேரம் முங்கும்படி நிறுத்தி வைத்து நடுவது. ஒரு எக்டேர் நாற்றுக்கு இது போதும். செலவு குறைவு, ஆள் கூடுதல் தேவையில்லை. நாற்றுக்காரப் பெண்கள் டீ குடிக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். வாழையில் வாடல் நோய்க்கு, கிழங்கில் சாய்வாகத் துளை போட்டு சூடோமோனாஸ் நிரப்பிய கேப்சூலை உள்ளே வைத்து மண்ணால் அடைக்கும் முறையும் உண்டு. ரஸ்தாளி போடுகிறவர்கள்தான் இதை அதிகம் கேட்பார்கள். ரஸ்தாளிக்கு வாடல் அவ்வளவு சுலபமாகப் பிடிக்கும், பூவனுக்கு அந்தக் கவலை குறைவு.

இரண்டையும் ஒன்றாகக் கலந்து கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ரகத்துக்கு ரகம் மாறும். சூடோமோனாஸில் சில ரகங்கள் எந்தப் பூஞ்சாணத்தையும் விடாது, டிரைக்கோடெர்மாவும் அதற்குப் பூஞ்சாணம்தானே. நான் சொல்வது: சூடோமோனாஸை விதைக்கும் நாற்று வேருக்கும் கொடுங்கள், டிரைக்கோடெர்மாவை எருவோடு மண்ணுக்குக் கொடுங்கள். ஒரே டிரம்மில் கரைத்து நாள்கணக்கில் வைக்க வேண்டாம். தாமிரம் கலந்த மருந்து பாக்டீரியாவைக் கொல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். ரசாயனப் பூஞ்சாணக் கொல்லிக்கும் இந்த உயிர் மருந்துகளுக்கும் பதினைந்து நாளாவது இடைவெளி வேண்டும்.

ஒரு பக்கப் பேச்சு. காளான் வளர்க்கும் வீட்டுக்குள் டிரைக்கோடெர்மா பொட்டலத்தைக் கொண்டுபோகாதீர்கள். மஞ்சளுக்குக் காவல் நிற்கும் அதே பச்சைப் பூஞ்சாணம் காளான் படுக்கையில் ஏறினால் மொத்தத்தையும் அழித்துவிடும். தோட்டத்தில் மஞ்சளும் கொட்டகையில் சிப்பிக் காளானும் வைத்திருப்பவர்கள் கைகால் கழுவிவிட்டுத்தான் கொட்டகைக்குள் போக வேண்டும்.

கடைசியாக, கடை. நாங்கள் உயிரோடு அனுப்பிய பொட்டலம் விவசாயி கைக்கு உயிரோடு போய்ச் சேர்வதில்தான் இந்தத் தொழில் பெரும்பாலும் தோற்கிறது. ஒரு கடையில் எங்கள் பொட்டலங்களை வாசலில், மேற்கு வெயில் படும் தட்டியில் அழகாகத் தோரணம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விளம்பரமாம். சித்திரை வெயில். அதே பொட்டலத்தை வாங்கிவந்து தட்டில் போட்டுப் பார்த்தோம். ஒரு பச்சைப் புள்ளி வரவில்லை. இன்னொரு கடையில் தகரக் கூரையடியில், பூச்சிமருந்து டின்களோடு சேர்த்து அடுக்கியிருந்தார்கள். இவற்றை வாங்கிப்போன விவசாயி "உயிர் மருந்தெல்லாம் சும்மாங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்றவை 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பதிவு எண் இல்லாமல் விற்கக் கூடாது. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்கள் 2006-லிருந்து உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. இரண்டிலும் சேராமல், 'ஆர்கானிக் டானிக்' என்று பளபளப்பான லேபிளோடு வரும் பாட்டில்கள் ஏராளம். எல்லா நோய்க்கும் இரண்டு நாளில் குணம் என்று எழுதியிருந்தால் அதில் உயிர் இருக்காது, ரசாயனம் கலந்திருக்கலாம். உயிருள்ளது எதுவும் இரண்டு நாளில் வேலை செய்யாது.

ஆகவே வாங்குகிறவர்களுக்கு: பொட்டலத்தில் பதிவு எண்ணையும் தயாரித்த தேதியையும் பாருங்கள். லேபிளில் எத்தனை மாதம் போட்டிருந்தாலும், தயாரித்து நான்கு மாதம் தாண்டியதை வாங்காதீர்கள். வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைத்தால் முதலில் அங்கே கேளுங்கள். வைகாசியில் மஞ்சள் ஊன்றப்போகிறவர்கள் சித்திரைக் கடைசியில் எருவைக் குவித்துவிடுங்கள். ஐப்பசியில் அழுகிய கிழங்கோடு வராதீர்கள், அப்போதும் நான் விற்க மாட்டேன்.